ஸ்ட்ராட் கோட்டைய நம்ம டேபிளுக்கு ஏத்த மாதிரி வெட்டி ஒட்டுனது

கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்ங்குறது டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டேபிள்ல உக்காந்து டைஸ் உருட்டி ஆளாளுக்கு ஒரு கேரக்டரா கதைய ஆடுற கேம்) கதைப் புக்கு, மொத்தம் 256 பக்கம். அதுல எங்க டேபிளுக்கு வந்தது பாதிகூட இருக்காது, ஆனா ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஆடி முடிச்சிட்டோம். டிஎன்டி ஆடுறவங்களுக்குத் தெரியும், கேம்பெயின் (பல வாரம் ஓடுற ஒரே கதை) ஆரம்பிக்கிறது ஈஸி, முடிக்கிறதுதான் அதிசயம். சிங்கப்பூர்ல கேக்கவே வேணாம், ஒருத்தன் ரிசர்விஸ்ட்டுன்னு ராணுவப் பயிற்சிக்குப் போயிடுவான், ஒருத்தங்களுக்கு நைட் ஷிஃப்ட்டு, எக்ஸாம் சீசன் வந்தா டீச்சர் ஆளையே காணோம். அதான் புக்குல எத வச்சேன் எத தூக்குனேன்னு எழுதி வைக்கலாம்னு. ஸ்பாய்லர் நெறைய வரும், நீங்க இத பிளேயரா ஆடப் போறீங்கன்னா இங்கயே நிறுத்திட்டு உங்க ஜிஎம்முக்கு (கதைய நடத்துறவருக்கு) அனுப்பிடுங்க.

இந்தப் புக்க எடுக்குறதுக்கு முன்னாடி வேற ரெண்டு பாத்தேன். ஒண்ணு டூம் ஆஃப் அனைஹிலேஷன், 2017ல வந்தது. காடு, டைனோசர், பெரிய மேப்பு, சுத்திப் பாக்க ஆசையாத்தான் இருக்கும், ஆனா கதை என்னன்னா செத்துப் பொழச்சு வந்தவங்கெல்லாம் ஒரு சாபத்தால நாளுக்கு நாள் தேஞ்சுகிட்டே வராங்க, சீக்கிரம் போய்க் காப்பாத்துங்கன்னு. பொறுமையா காட்டச் சுத்துன்னும் சொல்றாங்க, ஓடு ஓடுன்னும் சொல்றாங்க, நல்ல மனசுள்ள பிளேயர் எப்டிங்க சுத்திப் பாப்பான்? இன்னொண்ணு வாட்டர்டீப் டிராகன் ஹைஸ்ட், 2018. நாலு வில்லன் இருக்காங்க, அதுல ஒருத்தர எடுத்து ஆடணும், மத்த மூணு பேரோட எடமும் பக்கம் பக்கமா புக்குலயே தூங்கும். பேருல ஹைஸ்ட் இருக்கு, உள்ள கொள்ளையடிக்கிற வேலை பெருசா ஒண்ணும் இல்ல. ரெண்டுமே நல்ல ஐடியா உள்ள புக்குதான், சொல்லப்போனா படிக்க செம ஜாலி, ஆனா படிக்க ஜாலியா இருக்குற புக்கு டேபிள்ல நிக்குமாங்குறது வேற கேள்வி.

நான் எந்தப் புக்கையும் முதல் பக்கத்துலேர்ந்து படிக்கிறதில்ல. வில்லன் யாருன்னு நேரா அங்க போயிடுவேன். அவனுக்கு என்ன வேணும், அது கெடைக்கலன்னா என்ன செய்வான், பிளேயருங்க எதுவுமே பண்ணாம சத்திரத்துல உக்காந்து குடிச்சிட்டிருந்தாலும் அவன் என்ன செய்வான். இந்த மூணாவதுக்கு புக்குல பதில் இருந்தா வாங்கலாம், இல்லன்னா கதைய நாமதான் தள்ளிட்டே இருக்கணும், வாராவாரம் தள்ளி ஜிஎம்முக்கு முதுகு ஒடஞ்சிடும். ஸ்ட்ராட் இதுல பாஸ். அவன் ஒரு வாம்பையர், பரோவியாங்குற நாட்டுக்கு அவன்தான் ராஜா, கைதியும் அவன்தான், பனிமூட்டத்தத் தாண்டி அவனால போக முடியாது. ஐரீனாங்குற பொண்ணு தான் முன்ன ஆசப்பட்ட டாட்யானாவோட மறுபிறவின்னு நம்பிகிட்டு அவ பின்னாடியே சுத்துறான். பிளேயருங்க சும்மா இருந்தா அவன் அவள வந்து தூக்கிட்டுப் போவான், அவ்ளோதான், ஒரே வரி. 1983ல வந்த ரேவன்லாஃப்ட்ங்குற 32 பக்க அட்வெஞ்சர்தான் இதுக்கு மூலம், அந்த 32 பக்கத்துலயே இந்த ஆசை இருக்கு, அதனாலதான் இத்தன வருஷம் ஓடுதுன்னு எனக்குத் தோணும்.

அடுத்து ஒரு ஸ்கூல் எக்சர்சைஸ் புக்கு எடுத்து, மேப்புல இருக்குற ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு வரி எழுதுனேன்: இங்க யாருக்கு என்ன வேணும். வைன் செய்யிற எடம், அங்க உள்ள குடும்பத்த ட்ரூயிட்ஸ்னு காட்டு மந்திரவாதிங்க வெரட்டிட்டாங்க, அவங்களுக்கு எடம் திரும்ப வேணும், வைன் வரலன்னா ஊருல சத்திரம் காய்ஞ்சு போகும். இருக்கட்டும். வல்லாக்கி டவுன், அங்க உள்ள பிரபு ஊரே சந்தோஷமா இருந்தா ஸ்ட்ராட் உள்ள வரமுடியாதுன்னு நம்பிகிட்டு வாரா வாரம் திருவிழா நடத்துறான், சிரிக்காதவன ஜெயில்ல போடுறான். இது தங்கம், இதுக்காகவே புக்கு வாங்கலாம். மலைக்கு மேல ஒரு கணவாய், பெரிய பறவை வந்து அடிக்கும். யாருக்கு என்ன வேணும்? பறவைக்குப் பசி. தூக்கு. ஓநாய் மனுஷங்க குகையும் போச்சு, அதுக்குக் காரணம் வேற, கீழ சொல்றேன். ரோட்டுல போகும்போது டைஸ் உருட்டி என்ன மிருகம் வருதுன்னு பாக்குற டேபிள் இருக்குல்ல, அத மொத்தமா எடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு நாலு மணி நேரம்தான் எங்களுக்குக் கெடைக்கும், அதுல ஒரு மணி நேரத்த ஓநாய்க் கூட்டத்தோட ஓட்டுனா மீ கோரெங் ஆறிப் போனதுதான் மிச்சம்.

ஆளுங்கள சொல்லிடுறேன். நர்ஸ் அக்கா ஒருத்தங்க, பிரைமரி ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க, என்.எஸ். (கட்டாய ராணுவ சேவை) காலத்துலேர்ந்து கூடவே இருக்குற மச்சான், அவனோட கசின் பாலிடெக்னிக்ல படிக்கிற ஒரு பாலி பையன். ஆடுறது பாதி தமிழ் பாதி இங்கிலீஷ், ரூல்ஸ் வந்தா இங்கிலீஷ், சண்ட போட்டா தமிழ்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி செஷன் ஸீரோ வச்சோம், அதாவது ஆடாம உக்காந்து பேசி வச்சுக்குற கூட்டம். ஹாரர் கேம்பெயினுக்கு இது கட்டாயம், சும்மா ஃபார்மாலிட்டின்னு நெனைக்காதீங்க. எது கதையில வரவே கூடாது, எது வந்தா ஸ்க்ரீன மூடி விவரிக்காம தாண்டிடணும்னு ஆளாளுக்கு சீட்டுல எழுதி எங்கிட்ட குடுத்தாங்க, யார் எழுதுனாங்கன்னு வெளிய சொல்றதில்லன்னு பேச்சு. ஒரு சீட்டுல 'சின்னப் பசங்களுக்கு எதுவும் ஆகக்கூடாது'ன்னு இருந்துச்சு. ஒரு வரி, ஆனா இந்தப் புக்குல அது எவ்ளோ எடத்தக் காலி பண்ணுதுன்னு பாருங்க. ஓநாய்க் குகையில பசங்களக் கடத்தி வச்சிருப்பாங்க, அது போச்சு. பழைய காத்தாலைல மூணு ஹேக் சூனியக்காரிங்க இருப்பாங்க, அவங்க விக்கிற கனவு பைன்னு ஒரு பலகாரம் இருக்கே, அதோட மாவு பசங்க எலும்பு. அதுவும் அப்டியே போட முடியாது.

ஆனா காத்தாலைய விட எனக்கு மனசில்ல, ஏன்னா அங்க ஆச வலுவா இருக்கு. ஊர் ஜனங்க ஏன் அந்தப் பைய வாங்குறாங்க? சாப்ட்டா நல்ல கனவு வரும், பரோவியால வேற எந்த சந்தோஷமும் இல்ல. அந்த ஆசைய வச்சுகிட்டு எலும்ப மட்டும் எடுத்துட்டேன். எங்க டேபிள்ல அந்தப் பை சாப்ட்டா செத்துப் போன சொந்தக்காரங்க கனவுல வந்து பேசுவாங்க, ஆனா ஒவ்வொண்ணுக்கும் அவங்களப் பத்தி ஒரு உண்மையான ஞாபகம் போயிடும். சூனியக்காரக் கெழவி அந்த ஞாபகத்தத்தான் அரைச்சு மாவாக்குறா. ஒரு வீட்டுல பொம்பள ஒருத்தி கனவுல தெனம் புருஷனோட பேசுறா, சுவத்துல மாட்டியிருக்குற படத்தக் காட்டி இது யாருன்னு கேட்டா தெரியலங்குறா. நர்ஸ் அக்கா ஒடனே டைஸ கீழ வச்சிட்டாங்க, கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்பறம் பாலி பையன், "ண்ணே, என் ஆளு ஒண்ணு வாங்கி மூட்டைக்குள்ள வச்சுக்குறான்"னான். யாருக்காகன்னு கேட்டேன், சொல்லல, பல செஷன் கழிச்சுத்தான் வெளிய வந்துச்சு, அவனோட கேரக்டருக்கு செத்துப் போன தம்பி ஒருத்தன் இருந்தான். புக்குல இல்லாத விஷயம் இது, ஆனா புக்கு குடுத்த எடத்துல மொளச்சது. (அந்தப் பலகாரத்துக்கு எங்க டேபிள்ல கறிபஃப்னு பேரு வந்திடுச்சு. இன்னும் மச்சான் கறிபஃப் வாங்கும்போதெல்லாம் கெழவி வித்ததான்னு கேப்பான்.)

விஸ்தானி விஷயம் கொஞ்சம் விரிவா சொல்லணும். 2016ல வந்த முதல் பிரிண்டுல விஸ்தானின்னு ஒரு நாடோடிக் கூட்டம் வரும், குடிப்பாங்க, திருடுவாங்க, ஏமாத்துவாங்க, ஸ்ட்ராட்டுக்கு உளவு சொல்வாங்க. அது ஐரோப்பாவுல ரோமா மக்களப் பத்தி காலங்காலமா சொல்லிட்டு வர்ற அதே பேச்சு. நெறைய பேர் எதிர்ப்பு சொல்லி, 2020ல அந்தப் பகுதியத் திருத்தி வெளியிட்டாங்க, அதனால வாங்குறீங்கன்னா புது பதிப்பா பாத்து வாங்குங்க. எங்கிட்ட இருந்தது செகண்ட் ஹேண்ட்ல வாங்குன பழைய பிரிண்டு. ரோமா மக்களோட முன்னோருங்க வட இந்தியாவுலேர்ந்து போனவங்க, அவங்க பேச்சும் அந்தப் பக்கத்து மொழிக் குடும்பம்தான். இது தெரிஞ்சு படிச்சா இன்னும் ஒரு மாதிரியா இருக்கும். டீச்சர் அந்தப் பக்கத்தப் பாத்துட்டு சொன்னாங்க, "வாடகைக்கு வீடு கேட்டுப் போன் பண்ணும்போது நம்மளப் பத்தி என்ன நெனைக்கிறாங்களோ, அத ஃபேன்டஸில எழுதுன மாதிரி இருக்குல்ல." அதுக்கப்பறம் அத அப்டியே ஓட்ட யாருக்கு மனசு வரும்? நான் அவங்கள வியாபாரிங்களா மாத்துனேன். பனிமூட்டத்தத் தாண்டிப் போய்ட்டு வர்ற வழி அவங்களுக்கு மட்டும்தான் தெரியும், அது புக்குலயே இருக்கு. அதனால ஊரே அவங்கள நம்பித்தான் இருக்கு, அதே சமயம் ஊருக்கு அவங்களக் கண்டா எரிச்சல். அதுல சிலருக்கு ஸ்ட்ராட்கிட்ட கடன், சிலருக்கு அவன் மேல பழி. ஒரே இனத்துக்கு ஒரே குணம்னு எழுதாம ஆளாளுக்கு ஒரு ஆச குடுத்தாலே பாதி பிரச்சன தீந்துடுது.

சீட்டுப் பாக்குற மேடம் ஈவா இதோட சேத்திதான். இந்தக் கேம்பெயினோட இதயமே அந்த டாரோக்கா சீட்டு. 54 சீட்டு, அதுல அஞ்சு எடுப்பாங்க. மூணு சீட்டு மூணு பொருள் எங்க இருக்குன்னு சொல்லும், சூரிய வாள், புனிதச் சின்னம், ஸ்ட்ராட்டோட டைரி. நாலாவது கூட வர்ற துணை யாருன்னு, அஞ்சாவது கோட்டையில ஸ்ட்ராட் எங்க நிப்பான்னு. உண்மையாவே குலுக்கிப் போட்டா வாள் ஊருக்குப் பக்கத்துலயே கெடச்சு கேம்பெயின் தொங்கிடலாம், இல்ல மூணும் கோட்டைக்குள்ளயே விழலாம், அப்டி விழுந்தா வெளிய சுத்துறதுக்குக் காரணமே இல்ல. சில ஜிஎம்ங்க சீட்டு சொன்னது சொன்னதுதான்னு புனிதமா வச்சுப்பாங்க. நான் அந்தக் கட்சி இல்ல. வீட்டுல தனியா உக்காந்து எந்தப் பொருள் எங்க இருந்தா பிளேயருங்க நான் வச்சுக்க நெனைக்கிற எடத்துக்கெல்லாம் போவாங்கன்னு பாத்து சீட்ட மொதல்லயே அடுக்கி வச்சேன். டாரோக்கா கட்டு வாங்கக்கூட இல்ல, சாதாரண சீட்டுக்கட்டுல எப்டி ஆடுறதுன்னு புக்குலயே இருக்கு, ஜோக்கர் ரெண்டும் சேத்து கணக்கு சரியா வந்திடும்.

ஆனா அடுக்குனது தெரியக்கூடாதே. அதுக்கு கிளி. சிராங்கூன் ரோட்டுல முன்னாடி கிளி ஜோசியம் பாப்பாங்க தெரியும்ல, கூண்டத் தொறந்தா கிளி வந்து சீட்ட ஒவ்வொண்ணா தள்ளிட்டு ஒண்ண மட்டும் கொத்தி எடுக்கும். மேடம் ஈவாவுக்கு ஒரு வயசான கிளி குடுத்துட்டேன். எங்கைதான் கிளி. நாலஞ்சு சீட்டத் தள்ளுனேன், நின்னேன், மச்சானப் பாத்தேன், மறுபடி ஒண்ணத் தள்ளுனேன், அப்பறம்தான் அடுக்கி வச்சிருந்தத எடுத்தேன். எல்லாரும் சீட்டத்தான் பாத்துகிட்டு இருந்தாங்க, கட்டு எப்டி அடுக்கியிருக்குன்னு யாரும் யோசிக்கல.

இப்டி உள்ளூர் சரக்கு சேக்குறதுக்கு ஒரு அளவு இருக்கு. எல்லாத்தையும் நம்ம ஊராக்கிட்டா பரோவியா போயி நம்ம ஈசூன் பேட்டை ஆயிடும். குளிர், காடு, ஓட்ட ஒடசல் கல்லு வீடு, இதெல்லாம் அந்நியமா இருக்கறதுதான் பயத்துக்கு ஆதாரம். (ஏர்கான 18ல வச்சு ஆடுனோம், கரண்ட் பில்ல பாத்துட்டு வீட்டுல வாங்கிக் கட்டிகிட்டேன், அது தனிக் கதை.) அதனால ரெண்டு மூணு எடத்துல மட்டும், எங்க பிளேயர் மனசுல ஒடனே பதியணுமோ அங்க மட்டும். டெத் ஹவுஸ்ல அப்டித்தான் பண்ணேன்.

டெத் ஹவுஸ் புக்குக்குப் பின்னாடி இருக்குற ஆரம்ப அட்வெஞ்சர், 1ம் லெவல் ஆளுங்கள 3ம் லெவலுக்குக் கொண்டு போகும்னு கணக்கு. கட்டாயம் இல்ல, விட்டுடலாம். நான் வேற ஒரு டேபிள்ல பிளேயரா போயிருந்தப்ப அங்க ஜிஎம் புக்குல உள்ளத அப்டியே ஓட்டுனாரு, கீழ் நெலவறைல ஆளாளுக்கு செத்து விழுந்தாங்க, ரெண்டு பேர் அதோட வரதே இல்ல. கடைசில வர்ற அந்தக் குப்பமேட்டுப் பூதம், ஷாம்பிளிங் மவுண்ட், அதுக்கு 136 ஹிட் பாயிண்ட் (அடி தாங்குற அளவு), சேலஞ்ச் ரேட்டிங் (எவ்ளோ கஷ்டமான எதிரிங்குற கணக்கு) 5. 2ம் லெவல்ல நிக்கிறவங்க கத்திய வீசிகிட்டே இருக்க வேண்டியதுதான். அதனால நெலவறை முழுக்கத் தூக்கிட்டேன், மேல் மாடி மட்டும் போதும்னு முடிவு. சீட்டுல எழுதுன அந்த வரியால ரோஸ், தார்ன்ங்குற ரெண்டு பேயும் பசங்களா இல்லாம வேலைக்காரக் கெழவன் கெழவியா மாறிட்டாங்க. மேல ஒரு ரூம்ல அந்த வீட்டோட அச்சு அசலா ஒரு பொம்ம வீடு இருக்கும், ரகசியக் கதவெல்லாம் அதுல தெரியும். அத நான் காகித வீடுன்னு சொன்னேன், சீனங்க ஏழாம் மாசம் செத்தவங்களுக்காக எரிப்பாங்களே அது மாதிரி, உள்ள காகித நாற்காலி, காகிதக் கட்டில், காகித வேலக்காரங்க. அன்னிக்கு நெசமாவே ஏழாம் மாசம், ப்ளாக்குக்குக் கீழ தொறந்து கெடக்குற வாய்ட் டெக்குக்குப் பக்கத்துல யாரோ எரிச்சிட்டிருந்தாங்க, பொக வாசம் ஜன்னல் வழியா வருது. நான் பிளான் பண்ணுனது காகித வீடு மட்டும்தான், வாசம் போனஸ். உள்ள நாலு காகித மனுஷங்க புதுசா நிக்கிறாங்கன்னு சொன்னதும் டீச்சர் நாற்காலியப் பின்னாடி இழுத்துகிட்டாங்க.

இன்னொரு விஷயம், எடத்துக்கு எடம் கட்டம் போட்டு சத்தமா படிங்கன்னு ஒரு பத்தி குடுத்திருப்பாங்கல்ல, அத நான் படிக்கிறதில்ல. படிக்க ஆரம்பிச்சா மூணாவது வரில ஆளுங்க போன எடுத்துடுவாங்க. அதுலேர்ந்து ஒரு வாசம், ஒரு சத்தம், அசையிற பொருள் ஒண்ணு, இத மட்டும் எடுத்துட்டு மிச்சத்த வாய்க்கு வந்த தமிழ்ல சொல்லிடுவேன்.

சண்டய சரி பண்றதுல எல்லாரும் ஹிட் பாயிண்ட்ல கை வைப்பாங்க, எனக்கு அதுல நம்பிக்க இல்ல. எதிரி எத்தன பேருங்குறதுதான் விஷயம், அவங்களுக்கு ஒரு ரவுண்டுல எத்தன வாட்டி கை ஓங்க முடியும்னு. காத்தாலைல மூணு நைட் ஹேக், தலைக்கு 112 ஹிட் பாயிண்ட், மூணும் சேந்து நின்னா லைட்னிங் போல்ட் மாதிரி மந்திரமெல்லாம் அவங்களுக்கு வந்திடும். பரோவியா கிராமத்துலேர்ந்து வல்லாக்கிக்குப் போற வழியிலயே அது இருக்கு, சின்ன லெவல்ல உள்ள போனா கத முடிஞ்சுது. நான் ஹிட் பாயிண்ட் எதையும் தொடல, மூணு பேருல பொண்ணுங்க ரெண்டு பேரும் வெளிய வியாபாரத்துக்குப் போயிருக்காங்க, அம்மா மட்டும் வீட்டுல. அந்தி சாஞ்சா பொண்ணுங்க திரும்பி வருவாங்கன்னு கெழவியே பேச்சோட பேச்சா சொல்லிடுறா. சண்ட போடணுமா பேரம் பேசணுமா ஓடணுமான்னு பிளேயருங்களே முடிவு பண்ணாங்க. பேரம் பேசுனாங்க, அது ரொம்ப நாள் கழிச்சு அவங்க கழுத்தையே பிடிச்சுது.

ஆள் வராத பிரச்சனைக்கு இந்தப் புக்குல வழி தானா இருக்கு. ரிசர்விஸ்ட் வருஷத்துக்கு 40 நாள் வரைக்கும் கூப்புடலாம், மச்சானுக்கு லெட்டர் வந்தா வந்ததுதான். பனிமூட்டம் வந்து அவன் ஆள முழுங்கிடும், திரும்பி வரும்போது ஏதாச்சும் ஒண்ணு மாறியிருக்கும், ஒருதடவ அவன் நெழல் கொஞ்சம் லேட்டா அசைஞ்சுது. மச்சானுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு, அடுத்த ஐசிடி (ரிசர்விஸ்ட் பயிற்சி) எப்பன்னு அவனே கேக்குற அளவுக்கு. ஆனா ரெண்டு பேருக்கு மேல வராம போனா ஆடாதீங்க, ப்ராத்தா கடைக்குப் போய் கத பேசிட்டு வந்துடுங்க.

ஐரீனா புக்குல கொஞ்சம் பார்சல் மாதிரி. அங்க கொண்டு போ, இங்க பத்திரமா வை. க்ரெஸ்க்குங்குற ஊர்ல ஒரு குளம் இருக்கு, அங்க போனா டாட்யானாவோட பழைய காதலன் ஆவி வந்து அவளக் கூட்டிட்டுப் போயிடும். இத்தன தூரம் காப்பாத்திட்டு வந்த பிளேயருங்களுக்கு அதுல ஒரு வேலையும் இல்ல. நான் குளத்த மூடிட்டு, ஐரீனாவ ஒரு ஸ்பேர் கேரக்டராக்குனேன், யாரோட ஆளு செத்தாலோ மயங்குனாலோ அவங்க ஐரீனாவ எடுத்து ஆடலாம். நர்ஸ் அக்கா ஆளு வல்லாக்கில செத்தப்ப எடுத்தாங்க, அப்பறம் புது கேரக்டர் செய்யவே மாட்டேன்னுட்டாங்க. ஸ்ட்ராட் விருந்துக்குக் கூப்பிட்ட லெட்டர் வந்தப்ப போகணும்னு அடம் புடிச்சதே ஐரீனாதான். விருந்துல ஸ்ட்ராட் மேடைத் தமிழ்ல பேசுனான், ரொம்ப மரியாத, எல தீர எல தீர பரிமாறச் சொல்றான், யாரையும் தொடல. அதுக்கு எதிர்ல அக்கா எதுவுமே சாப்டாம "எங்கப்பா எப்டி செத்தாருன்னு சொல்லுங்க"ன்னு கேட்டுகிட்டே இருந்தாங்க. ஸ்ட்ராட்ட கடைசி வரைக்கும் ஒளிச்சு வைக்காதீங்க, நடு நடுவுல வரணும், வந்தா சண்ட மட்டும் போடக்கூடாது.

கோட்டையில எண்பதுக்கும் மேல ரூம் இருக்கு, அதுல ஒரு இருபது போதும். ஸ்ட்ராட்டுக்கு 144 ஹிட் பாயிண்ட்தான், சூரிய வாளும் சின்னமும் கையில இருக்குற 9ம் லெவல் கூட்டத்துக்கு நடுவுல நின்னான்னா மூணு ரவுண்டு தாங்க மாட்டான். அவன் எடத்துல அவனால சுவத்துக்குள்ள பூந்து போக முடியும், ரவுண்டுக்கு 20 ஹிட் பாயிண்ட் தானா ஏறும், வெயிலும் அந்தச் சின்னமும் படாத வரைக்கும். அதனால அடி, சுவத்துக்குள்ள போ, வேற மாடில வா. கடைசில அவன மடக்குனது வாள் இல்ல, பாலி பையன் அத்தன நாளா மூட்டைக்குள்ள வச்சிருந்த கறிபஃப். அத ஸ்ட்ராட்கிட்ட நீட்டி டாட்யானாவோட பேசலாம்னான். புக்குல இதுக்கு ரூல் இல்ல. அவனுக்கு என்ன வேணும்னு எழுதி வச்ச ஒரு வரி இருந்துச்சு, அதப் பாத்தேன், ஒரு ரவுண்டு நின்னான்னேன். மச்சான் அந்த ரவுண்ட வுடல.

செத்தாலும் ஸ்ட்ராட் கொஞ்ச காலம் கழிச்சு திரும்ப வந்துடுவான்னு புக்குல இருக்கு. டேபிள்ல அத சொல்லல, அவங்க கேக்கவும் இல்ல.

இப்ப பாலி பையன் நான் ஜிஎம் பண்றேன்னு லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர் எடுத்திருக்கான், 2014 ஸ்டார்ட்டர் செட்ல வந்தது, எனக்கு பிளேயர் சீட்டு. ஆரம்பத்துலயே ரோட்டுல நாலு காப்ளின் மறஞ்சிருந்து அடிக்கும், 1ம் லெவலுக்கு அது ஓவர், ரெண்டா கொறைடான்னு சொல்லி வச்சிருக்கேன். "பாக்கலாம்ணே"ங்குறான், மூஞ்சி சரியில்ல.